டச்சுக்காரன் கரையேறிய பிறகு

அண்ணி,

ரிமோட் கிடைத்துவிட்டது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அண்ணனுடைய கட்டம்போட்ட சட்டைக்கு அடியில் இருந்தது. நீங்கள் சுற்றிவைத்த பிளாஸ்டிக் கவர், அதன் மேல் இரண்டு ரப்பர் பேண்டு, எல்லாம் அப்படியே. தொட்டவுடன் ரப்பர் பேண்டு மட்டும் பொடிந்து விழுந்தது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் கருவாட்டு வாசனை போகவில்லை. நான்காம் நம்பர் பட்டனில் நம்பரே இல்லை, உங்கள் கட்டைவிரல் அதைத் தேய்த்துத் தின்றுவிட்டது.

அம்மா போன தை மாதம் இறந்துபோனாள். உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, நீங்கள் அவளுக்கு மூன்று வருடம் முன்னாலேயே கிளம்பிவிட்டீர்கள். வீட்டை ஒழித்துப் பூட்டலாம் என்று பால்வாடிக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். வந்த வேலை நடக்கவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறேன், ஏரியைப் பார்க்கிறேன், உள்ளே வருகிறேன், பாத்திரத்தை எடுக்கிறேன், எடுத்த இடத்திலேயே வைக்கிறேன். காலையிலிருந்து இப்படித்தான். கடைசியில் பால்வாடி நோட்டில் பின்பக்கத் தாள் நாலைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். செத்தவர்களுக்குக் கடுதாசி எழுதுவது என் கட்சிக்காரர்கள் செய்கிற வேலை, மாயாஜாலக் கட்சி. நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

நமக்குள் முதல் சண்டையே இந்த ரிமோட்டால்தானே வந்தது. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி இந்த வீட்டுக்கு வந்த புதிது. நீங்கள் ஆரம்பாக்கத்திலிருந்து மருமகளாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் இரண்டு வீடு தள்ளி வாக்கப்பட்டிருந்தேன், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கேதான் இருப்பேன். ஒரு சேனலில் அம்மன் படம். இன்னொன்றில் இங்கிலீஷ் படத்தைத் தமிழில் பேசவைத்துப் போடுவார்கள். அம்மன் படம் என்றால் வீடு கொள்ளாது. பதினைந்து பெண்கள், மடியில் பிள்ளைகள், வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற கிழவர்கள். அம்மன் சூலத்தைத் தூக்கும்போது அம்மா டிவிக்கே கற்பூரம் காட்டுவாள். ஒருதரம் கண்ணாடி கருகிவிட்டது, அண்ணன் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அம்மன் முகத்தில் ஒரு கறை நின்றே போனது.

நீங்கள் பொறுமையாக முடிகிறவரை இருந்துவிட்டு நான்கை அழுத்துவீர்கள். அவ்வளவுதான், வீடு காலி. நீங்கள், குறை சொல்வதற்காக நான், விரட்டினாலும் போகாத ஓர் ஆடு. திரையில் வானத்தில் ஒரு கப்பல் போகும். அதன் தலைவன், வெள்ளைக்காரன், நம் ராயபுரத்து ஆள் மாதிரிப் பேசுவான். "இன்னா நைனா, வண்டி பஞ்சராயிட்சா?" நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். "சும்மா இரு செல்வி, அவன் காத்து எவ்ளோ மிச்சம் கீதுனு பாத்துகினு இருக்கான்" என்பீர்கள். அந்தக் காற்று இன்னும் எத்தனை நாழிகைக்கு வரும், எத்தனை பேர் சுவாசிக்கிறார்கள் என்று விரலை மடக்கிக் கணக்குப் போடுவீர்கள். ஒரு பொழுதுபோக்குப் படத்தை இப்படிப் பரீட்சை மாதிரிப் பார்க்கிற பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை.

"சாமியாரு கமண்டலத் தண்ணி தெளிச்சா பொய்யி, கோட்டு போட்டவன் பட்டன அழுத்துனா மட்டும் நெஜமா?" என்று ஒருநாள் நான் மடக்கினேன். மடக்கிவிட்டோம் என்று ரொம்பப் பெருமை எனக்கு.

நீங்கள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள். "ரெண்டும் பொய்யிதான். ஆனா பட்டன் கெட்டுப்பூடும். கமண்டலம் என்னிக்காவது கெட்டுப்போயி பாத்துகிறியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "கெட்டுப்போறத பாக்கத்தான் மனுசன் டிவி முன்னாடி உக்காருறானா? அதான் கடல்ல தெனம் பாக்கறமே!"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன் அண்ணி. ஏன் அம்மன் படத்துக்கு ஊரே கூடியது? எங்களுக்கு முடிவு தெரியும். முதல் ரீலில் அழுகிறவள் கடைசி ரீலில் சிரிப்பாள். காணாமல் போன பிள்ளை வருவான், மச்சத்தைப் பார்த்துத் தாய் கண்டுபிடிப்பாள். போன கண் திரும்பும், வெட்டின கை முளைக்கும். தப்பு செய்தவனுக்கு மட்டும் அடி விழும். வாரம் முழுக்க எப்போது எவன் படகு கவிழுமோ என்று இருக்கிறவர்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம் ஒரு தூக்கம் மாதிரி. உங்கள் படத்தில் அந்த உறுதி கிடையாது. யாரோ ஒருவன் கதவைச் சரியாகச் சாத்தவில்லை, நல்லவனும் கெட்டவனும் சேர்ந்தே சாகிறார்கள். அதை நான் குறையாகச் சொன்னேன். நீங்கள் அதைத்தான் விரும்பினீர்கள். "சாமி படத்துல தப்பு பண்ணவனுக்குத்தான் அடி. இதுல கதவ சாத்த மறந்தவனுக்கும் அடி. நம்ம பொழப்பு எது மாதிரி, சொல்லு?" என்றீர்கள்.

அண்ணன் அப்போது மூலையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தான். "ரெண்டு பேரும் சண்டைய முடிங்கம்மே, நான் நியூஸ் பாக்கணும்" என்றான். அவன் குரலில் எனக்கு ஞாபகம் இருக்கிற சில வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

அவன் போனது ஐப்பசியில். ஏரியில் வலை போட முறை இல்லாத நாள் என்பதால் எங்கள் குப்பத்து மணியின் ஃபைபர் படகில் கடலுக்குப் போனான். முகத்துவாரத்தைத் தாண்டுகிற இடத்தில் அலை தூக்கிப் போட்டுப் படகு கவிழ்ந்தது. மணி மட்டும் காலையில் பத்து மணிக்குக் கரை சேர்ந்தான். இரண்டு பேரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்களாம். ஒரு கட்டத்தில் அண்ணனின் கை நழுவிவிட்டதாம். மணி சொல்லிவிட்டு மணலில் குப்புற விழுந்து அழுதான். பத்து நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

எல்லாரும் மார்பில் அடித்துக்கொண்டபோது நீங்கள் மணியிடம் கேள்வி கேட்டீர்கள். காற்று எந்தப் பக்கம்? நீரோட்டம் வடக்கே இழுத்ததா, தெற்கேயா? எந்தக் கை நழுவியது? அதற்கு முன் ஏதாவது சொன்னாரா? எவ்வளவு நேரம் தலை தெரிந்தது? மறுநாளும் கேட்டீர்கள். அடுத்த வாரமும் கேட்டீர்கள். மணி உங்களைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிப் போகிற அளவுக்குக் கேட்டீர்கள். எனக்கு உங்கள் மேல் அருவருப்பே வந்தது. புருஷன் போயிருக்கிறான், இவள் காற்றுக் கணக்குப் பார்க்கிறாளே என்று. காற்றின் அளவை விரல் மடக்கி எண்ணிய அதே முகம் அது. நாங்கள் எல்லாரும் 'எப்போ வருவான்' என்று கேட்டோம், நீங்கள் ஒருத்திதான் 'எப்படிப் போனார்' என்று கேட்டீர்கள்.

எங்கள் கேள்விக்குப் பதில் சீக்கிரமே கிடைத்தது. அம்மா குறி கேட்கப் போனாள், கூடவே நானும் போனேன். குறி சொன்ன அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். "தண்ணிக்கு அடியில மாளிகை. அதுல உக்காந்துகீறான். மயக்கத்துல கீறான். ஏழு ஆடி கழியட்டும், வாசல்ல வந்து நிப்பான்." சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அந்த மாளிகையைப் பார்த்திருக்கிறேனே! எத்தனை படத்தில்! நீலத் தூண், பாம்புச் சிம்மாசனம், புகை. அண்ணன் லுங்கியோடு அங்கே உட்கார்ந்திருப்பது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு உங்கள் மேல் நாங்கள் போட்ட பூட்டை இப்போது நினைத்தால் உட்கார முடியவில்லை அண்ணி. அம்மா தினமும் மதியம் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள், நீங்கள்தான் சோறு போட வேண்டும். மீஞ்சூர் கம்பெனியில் உங்கள் ஊர்த் தோழி வேலை வாங்கித்தருகிறேன் என்று சொன்னாள். அம்மா விடவில்லை. "அவன் வர்ற நேரத்துல பொண்டாட்டி வூட்ல இல்லனா?" என்றாள். உங்கள் நைனா வந்து கூட்டிப்போகிறேன் என்றார். அதற்கும் அதே பதில். உங்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. விடியலில் எழுந்து, வராத ஆளுக்கு மீன் கழுவினீர்கள்.

இதில் பாடு வேறு. ஏரியில் எல்லாரும் எல்லா நாளும் வலை போட முடியாது, இடத்துக்கும் நாளுக்கும் முறை உண்டு. அந்த முறைதான் பாடு. வருடத்துக்கு ஒருதரம் கோயில் முன்னால் கூட்டம் கூடிச் சீட்டு எடுப்பார்கள். எங்கள் குப்பத்தில் சீட்டில் பெயர் போடுவதற்கு முன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆள் இருக்கிறாரா என்று கேட்பது வழக்கம். ஆள் வரமுடியாவிட்டால் வீட்டில் ஒரு ஆண் பதில் சொன்னால் போதும். அண்ணன் பெயரைக் கூப்பிட்டபோது என் வீட்டுக்காரர் எழுந்து "கீறாரு" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பெற்றவள் அங்கே நிற்கிறாள், குறி வேறு அப்படிச் சொல்லியிருக்கிறது, செத்துவிட்டான் என்று முதலில் சொல்கிற வாய் எவருக்கு வரும்? மூன்று வருடம் இப்படி "கீறாரு". அண்ணனின் முறையிலும் என் வீட்டுக்காரரே வலை போட்டார். பாதி மீன் அம்மாவுக்கு, பாதி எங்களுக்கு. நம்பிக்கையால்தான் செய்தோம் என்று சொல்லிக்கொள்வேன். அந்த மீனை நானும் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் காலை, சந்தைக்குக் கருவாடு கொண்டுபோய்விட்டு டச்சுக்காரர் கல்லறை வழியாக வந்தோம். அந்த வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்களே, அங்கே வந்தால் நான் வேகமாக நடப்பேன், நீங்கள் நிற்பீர்கள். ஒரு எலும்புக்கூட்டின் கையில் மணற்கடிகாரம் இருக்கும். அன்றும் அதன் முன்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றீர்கள்.

"பேயி புடிக்கப் போவுது, வாங்க" என்றேன்.

"இவன் பேயி இல்ல செல்வி, நேரம் பாக்கறவன்" என்றீர்கள். பிறகு, நான் கேட்காமலே, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னீர்கள்.

கோட்டையில் டச்சுக்காரன் கொடி பறந்த காலம். நம் பக்கத்துச் சாயத்துணியை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றுவார்கள். பெரிய கப்பல் ஏரிக்குள் வராது, முகத்துவாரத்துக்கு வெளியே நிற்கும், சின்னப் படகில்தான் துணியைக் கொண்டுபோக வேண்டும். அந்தப் படகில் காவலுக்குப் போகிற சிப்பாய் ஒருவன். ஒரு மார்கழிக் காலையில் மூட்டையை ஏற்றிவிட்டுத் திரும்புகிறான். பனி மூடுகிறது. பனிக்குள் நேரம் எங்கேயோ ஓட்டையாகிக் கிடக்கிறது, தெரியாமல் அதற்குள் படகு போய்விடுகிறது. அவனுக்கு அரை நாழிகை, வெளியே முந்நூறு வருடம். பனி விலகினால் கோட்டை இல்லை, முள்ளுக்காடு இருக்கிறது. முகத்துவாரமே இடம் மாறியிருக்கிறது. பெண்கள் நீலக் கலரில் எதிலோ மீன் தூக்கிப் போகிறார்கள், அவனுக்குப் பிளாஸ்டிக் தெரியாது. ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது, அவன் முட்டிபோட்டு உட்காருகிறான். ஏரியின் சேற்று நாற்றம் மட்டும் அதே நாற்றம். அந்த நாற்றத்தை நம்பித்தான் அவன் கரையேறுகிறான்.

எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் விட மனசில்லை. "என் கதையா இருந்தா அவன் கோட்ட, அவன் பொண்டாட்டி எல்லாம் அப்படியே கல்லா சமைஞ்சு நிக்கும். இவன் வந்து தொட்டதும் உசுரு வந்துடும்" என்றேன்.

"அதான் உன் கதை. உன் கதையில போனவன் வர்ற வரைக்கும் மத்தவங்க கல்லா நிக்கணும்" என்றீர்கள்.

சொல்லிவிட்டு மேலே போனீர்கள். அவன் நடந்து நடந்து இந்தக் கல்லறைக்கு வருகிறான். பாஷை அவன் பாஷை, படிக்கிறான். பொண்டாட்டியின் கல் கிடைக்கிறது. அவன் போனபிறகு அவள் நாற்பது வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள். பெயருக்குப் பக்கத்தில் இன்னாருடைய மனைவி என்று எழுதியிருக்கிறது. அந்த இன்னார் அவன் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. "அது எப்படி அவ இன்னொருத்தன..."

"அவ நாப்பது வருசம் இன்னாதான் செய்வா, செல்வி?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது இது டச்சுக்காரன் கதை இல்லை என்று. நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "ஒரே ஒரு தடவ சொல்லு. அவரு வரமாட்டாருனு. வூட்ல யாராவது ஒருத்தர் வாயால கேட்டா போதும். நான் தனியா எவ்ளோ நாளு அத தெரிஞ்சிகினு இருக்கறது?"

நான் சொல்லவில்லை. "வருவான் அண்ணி, இன்னும் நாலு ஆடிதான்" என்றேன். நீங்கள் கையை விட்டுவிட்டுக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டீர்கள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று மதியமே அம்மாவிடம் போய்க் கதை முழுவதையும் ஒப்பித்தேன். ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பயம் என்று வைத்துக்கொள்ளலாம். அம்மா கொதித்துவிட்டாள். "பாத்தியா, எம் புள்ள வர்றதுக்குள்ள கல்லுல அடுத்தவன் பேர எழுதறா. எல்லாம் அந்தப் பாழாப்போன படத்தப் பாத்து கெட்டுப்போன புத்தி." நீங்கள் அடுப்படியிலிருந்து வந்து என்னைப் பார்த்தீர்கள். "கதைதானே சொன்னேன், செல்வி" என்றீர்கள். அன்றைக்குத்தான் ரிமோட் காணாமல் போனது. எங்கே தொலைத்தாய் என்று அம்மா உங்களையே திட்டினாள். நீங்கள் டிவியில் இருக்கிற பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தி நான்குக்குப் போய்ச் சேர்வீர்கள். ஒளித்தது அம்மாதான் என்று இன்று பெட்டியைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. திருட்டுத்தனமாக ஒளித்தவள் அதை ஏன் தன் பிள்ளையின் சட்டைக்குக் கீழே வைத்தாள், ஏன் ஏரியில் வீசவில்லை என்று கேட்கலாம். கேட்க ஆள் இல்லை.

நாலாவது வருடத்துக் கூட்டம். வெயில் ஏறிய நேரம். பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை, வலை காயப்போடுகிற இடத்தில் தள்ளி நின்று பார்ப்போம். அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்தது.

"அவரு இல்ல."

தலைவர் திரும்பினார். "இன்னாம்மா சொல்ற?"

"கடல்ல போயிட்டாரு. மணி கண்ணால பாத்துது. நாலு வருசமா உங்க எல்லாருக்கும் தெரியும். பேர அடிச்சிடுங்க."

மணி தலையைக் குனிந்துகொண்டே "ஆமா" என்றான். தலைவர் பேனாவை எடுத்தார். அது எழுதவில்லை, இரண்டுதரம் உதறினார். பிறகு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். இவ்வளவுதான் நடந்தது. மாளிகை இடியவில்லை, புகை வரவில்லை. அம்மா அப்படியே வலைமேல் உட்கார்ந்தாள்.

நான் உங்களைப் பிடித்து உலுக்கினேன். "நீதான் எங்கண்ணன கொன்னுட்ட" என்று கத்தினேன். அன்றுவரை உங்களை நான் 'நீ' என்று கூப்பிட்டதில்லை, அதற்குப் பிறகும் இல்லை. மறுநாள் உங்கள் நைனா வந்தார். ஒரு பையோடு ஆரம்பாக்கம் போனீர்கள், அங்கிருந்து மீஞ்சூர் கம்பெனிக்கு. நாலு வருடம் நான் பேசவில்லை. நீங்கள் போன் செய்தால் எடுக்கமாட்டேன். ஏழாவது ஆடி வந்தது, போனது. வாசலில் யாரும் நிற்கவில்லை. குறி சொன்னவள் ஒரு ஆடியைக் கணக்கில் விட்டுவிட்டாள் என்று அம்மா சொன்னாள். அடுத்த ஆடியும் போனது. அப்போதும் தட்டு வைத்தாள். இப்போது சோறு போட்டது நான்தான். வராத ஆளுக்குச் சோறு போடுகிற கை எப்படிக் கனக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உடம்பு சரியில்லை என்று உங்கள் தோழிதான் சொல்லியனுப்பினாள். மார்பில் கட்டி, பார்க்கும்போதே முற்றிவிட்டது என்றாள். பஸ் பிடித்து மீஞ்சூர் வந்தேன். ஒற்றை அறை, ஒரு கட்டில், சுவரில் கம்பெனித் தொப்பி. எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்தீர்கள். திட்டுவீர்கள் என்று பயந்துகொண்டு வந்தேன். நீங்களோ ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினீர்கள். "இந்தப் பக்கத்துல கடல் தண்ணிய உப்பெடுத்துக் குடிதண்ணி பண்றாங்க, தெரியுமா? உங்க முனிவரு கடலயே குடிச்சாரு, சரி. நமக்கு ஒரு டம்ளர் குடுத்தாரா?" சிரித்தீர்கள். நான் அழுதேன். பிறகு இரண்டு பேரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு உங்கள் செல்போனில் வானத்துக் கப்பல் படம் பார்த்தோம். அதில் ஒருவன் வெகு தூரத்திலிருந்து வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறான், அது வந்து சேர்வதற்குள் கேட்க வேண்டியவளுக்கு நரைத்துவிடுகிறது. "தூரம் அப்படி, இன்னா செய்ய முடியும்? ஆனா வந்து சேருது பாரு" என்றீர்கள்.

மன்னிப்பு கேட்கத்தான் வந்தேன். கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டேன். "அந்த டச்சுக்காரன் அப்புறம் இன்னா பண்ணான் அண்ணி?"

"நீ சொல்லு. உன் கதையா இருந்தா?"

"அவ கல்லறைய தொறந்துகினு எழுந்து வருவா."

"வரமாட்டா, செல்வி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். "அவன் அங்க கொஞ்ச நேரம் உக்காருவான். அழுவான். அப்புறம் பசிக்கும். பசிச்சா கரைக்கு வந்துதான ஆவணும்? அங்க வல இழுக்க ஒரு கை கொறையும். போயி புடிப்பான்."

வாசல்வரை வந்து வழியனுப்பினீர்கள். கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தேன், கேட்டீர்கள். "இப்பவாச்சும் சொல்றியா?" பஸ் வந்துவிட்டது என்று ஓடினேன். பஸ் வரவில்லை அண்ணி. முனையில் நின்று அரை மணி நேரம் காத்திருந்தேன். உங்கள் ஜன்னல் அங்கிருந்து தெரிந்தது. வீட்டில் தட்டு வைத்துக்கொண்டு அம்மா இருந்தாள், அவள் இருக்கும்வரை அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். ராட்சசன் வருவான், இளவரசி வருவாள், பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நடுவில் என்னை அறியாமல் நிறுத்தி, "சரி, இவன் எப்படி இவ்ளோ ஒசரம் ஏறினான்?" என்று கேட்டுவிடுகிறேன். பிள்ளைகள் ஏணி என்கிறார்கள், கயிறு என்கிறார்கள், கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை போடுகிறார்கள். கதை முடிவதே இல்லை. அந்தக் கேள்வியை எனக்குள் போட்டது நீங்கள்தான். ராத்திரி படுத்தாலும் அது சும்மா இருப்பதில்லை. இன்னும் நான் அம்மன் படம்தான் பார்க்கிறேன், அதை மட்டும் உங்களுக்காக மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் காணாமல் போன பிள்ளை திரும்பி வருகிற இடம் வந்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிறேன்.

மதியமாகிவிட்டது. அண்ணனின் தட்டைக் கழுவி மற்றப் பாத்திரங்களோடு கவிழ்த்துவிட்டேன். ரிமோட்டில் பேட்டரி ஒழுகித் துருப்பிடித்திருக்கிறது, நீங்கள் சொன்னதுபோலப் பட்டன் கெட்டுப்போய்விட்டது. இருந்தாலும் இடுப்பில் செருகிக்கொண்டேன், அதை நான் எடுத்துப்போகிறேன்.

தூரத்திலிருந்து அனுப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர இவ்வளவு வருடம் ஆகிவிட்டது.

அண்ணன் வரமாட்டான், அண்ணி. கை நழுவிவிட்டது. நீங்களும் வரமாட்டீர்கள்.

பசிக்கிறது. போய் உலை வைக்கிறேன்.

செல்வி